பதினெட்டு மில்லிமீட்டர் இரும்பு



பேச்சைத் தொடங்கும் முன் இந்த மேஜை மேல் இருக்கிற பொருளைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காகத் தூக்கிப் பிடிக்கிறேன். நான்கு பெரிய வட்டத் துளைகள், சுற்றிலும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் போல்ட்டுக்குமான சின்னத் துளைகள், ஒரு நோட்டுப் புத்தக அட்டையைவிடச் சற்றே கனமான தகடு. இது ஹெட் கேஸ்கெட். எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைத்து இறுக்குவது. மெக்கானிக்குகள் ஹெட்டைக் கழற்றினால் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் மாட்டுவார்கள். அப்படித் தூக்கிப் போட்ட ஒன்றை மியூனிக் நகரத்து ஓரத்தில் ஒரு பழைய கார்ப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்தேன். 1970களில் ஓடிய பி.எம்.டபிள்யூ 2002 காரின் இரண்டு லிட்டர் எஞ்சினுடையது.

இதில் நீங்கள் பார்க்கவேண்டியது துளைகளை அல்ல. இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பாலம் போல ஓடுகிறதே, அந்தக் குறுகிய இடத்தை. கேஸ்கெட்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர். இதற்குக் கீழே பிளாக்கில் இருக்கும் இரும்பு 11 மில்லிமீட்டர். இதே எஞ்சின் 1962-இல் முதன்முதலாகத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அந்த இடம் 18 மில்லிமீட்டர் இருந்தது. கடைசியாக, 1990-இல், இதன் வாரிசு ஒன்றில் 5 மில்லிமீட்டராகச் சுருங்கிப் போனது. பதினெட்டிலிருந்து ஐந்துக்கு வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்தப் பதினெட்டை விட்டுவைத்த மனிதரைப் பற்றியும்.

எஞ்சினின் பெயர் எம்10. பெயரில் ஒரு கவர்ச்சியும் இல்லை. கிட்டத்தட்ட 35 லட்சம் எஞ்சின்கள் செய்தார்கள். 1962 முதல் 1988 வரை.

இதன் பிறப்பைச் சொல்ல 1959 டிசம்பர் 9-ஆம் தேதிக்குப் போகவேண்டும். அன்று மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பங்குதாரர்கள் கூடினார்கள். நிறுவனம் மூழ்கும் நிலை. அவர்கள் அப்போது விற்றுக்கொண்டிருந்ததைப் பாருங்கள்: ஒரு பக்கம் எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த பெரிய கார்கள், பணக்காரர்கள்கூட யோசித்து வாங்குகிற விலை. மறுபக்கம் ஈசெட்டா என்ற முட்டை வடிவச் சின்ன வண்டி, முன்பக்கம் முழுவதும் கதவு, உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சின். அந்த ஆண்டுதான் வந்த 700 என்ற சிறு காரிலும் மோட்டார் சைக்கிள் வழியில் வந்த இரட்டை சிலிண்டர் எஞ்சின்தான். போர் முடிந்து பதினான்கு ஆண்டில் ஜெர்மனியில் ஒரு நடுத்தர வர்க்கம் எழுந்து நிற்கிறது. கையில் கொஞ்சம் காசு, வார இறுதியில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் பக்கம் போகிற ஆசை. அவர்களுக்கென்று இந்த நிறுவனத்தில் ஒரு கார்கூட இல்லை. டைம்லர்-பென்ஸ் நிறுவனம் பி.எம்.டபிள்யூவை விழுங்கிக்கொள்ளத் தயாராக நின்றது. அன்றைய கூட்டத்தில் சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் கடுமையாக எதிர்த்ததால் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அதன் பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பணத்தைத் துணிந்து இறக்கினார்.

விட்ட உயிரைத் திரும்பப் பிடித்த நிறுவனம் ஒன்று, ஒரே ஒரு புது காரை நம்பித்தான் நிற்கவேண்டும் என்ற நிலையில், அதற்கு எஞ்சின் செய்யும் பொறுப்பு அலெக்ஸ் ஃபொன் ஃபால்கென்ஹவுசன் என்பவரிடம் இருந்தது.

1907-இல் மியூனிக்கில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1934-இல் பி.எம்.டபிள்யூவில் மோட்டார் சைக்கிள் பிரிவில் சேர்ந்தார். வரைபடம் போடுகிறவர் மட்டுமில்லை, தானே ஏறிப் பந்தயம் ஓட்டுகிறவர். போருக்குப் பிறகு சொந்தமாக ஏ.எஃப்.எம் என்ற பெயரில் பந்தயக் கார்கள் செய்தார்; அந்த எழுத்துகளில் அவர் பெயர் இருக்கிறது. 1954-இல் பழைய நிறுவனத்துக்கே திரும்பினார், 1957-இல் எஞ்சின் வளர்ச்சிப் பிரிவின் தலைவரானார். தான் வரைகிற இரும்பை மறுநாள் தானே விரட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர் ஒருவர் எஞ்சின் வரையும்போது அதில் ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதை எம்10-இல் பார்க்கலாம்.

நிர்வாகம் அவரிடம் கேட்டது 1.3 லிட்டர் எஞ்சின். சிறியது, சிக்கனமானது, செலவு குறைவு. கஜானா காலியான வீட்டில் வேறென்ன கேட்பார்கள்? ஃபால்கென்ஹவுசன் போதாது என்றார். 1.5 லிட்டருக்குக் குறைந்தால் இந்த வகைக் காருக்கு எதிர்காலம் இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை. நாளைக்கு இதையே இரண்டு லிட்டராக்க முடியும்படி இப்போதே வார்ப்பில் இடம் விட்டாக வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இதுதான் இன்றைய பேச்சின் மையம்.

எஞ்சினில் சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதன் விட்டத்தைப் போர் என்பார்கள். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழுமாய் ஓடுகிற தூரம் ஸ்ட்ரோக். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் எஞ்சினின் கொள்ளளவு கிடைக்கும். எம்10-இன் முதல் வடிவத்தில் போர் 82 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 71; நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1499 கன சென்டிமீட்டர். கொள்ளளவைக் கூட்ட வேண்டுமென்றால் துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்ட வேண்டும், அல்லது இரண்டும். ஆனால் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்த சிலிண்டரின் மையத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறதே, அதை மாற்ற முடியாது. வார்ப்பட அச்சும், துளை போடுகிற இயந்திரங்களும், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டும், ஹெட்டும் எல்லாம் அந்த ஓர் அளவை நம்பி நிற்பவை. அதை மாற்றுவதென்றால் புதுத் தொழிற்சாலை போடுவது மாதிரி. ஆகவே முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

ஃபால்கென்ஹவுசன் வைத்த தூரம் 100 மில்லிமீட்டர். 82 மில்லிமீட்டர் துளைக்கு 100 மில்லிமீட்டர் இடைவெளி என்பது அள்ளிக் கொடுத்தது போல. நம் வீடுகளில் வளர்கிற பெண்பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் நான்கு விரற்கடை மடித்துத் தைத்துவிடச் சொல்வார்களே, பிள்ளை உயர உயர பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று, அந்த மடிப்புதான் இந்த 18 மில்லிமீட்டர். ஆனால் துணியில் மடிப்பு விட்டால் கூடுவது சில ரூபாய். எஞ்சினில் விட்டால் வண்டி வாழ்நாள் முழுக்க அந்தக் கூடுதல் இரும்பைச் சுமக்க வேண்டும். பிளாக் நீளும், கிராங்க்ஷாஃப்ட் நீளும், எடை கூடும், ஒவ்வோர் எஞ்சினிலும் செலவு கூடும். சிறிது காலத்துக்கு முன்புதான் கைமாறிப் போக இருந்த நிறுவனம் ஒன்று இந்தச் செலவுக்குச் சம்மதித்தது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஃபால்கென்ஹவுசனுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அவருக்குச் சரி சொன்னவர்களுக்கும் சேரவேண்டும் என்பது என் கருத்து.

இடைவெளி மட்டும் இருந்து பயனில்லை; மற்ற உறுப்புகளும் அதே மனதோடு செய்யப்பட்டன. கிராங்க்ஷாஃப்ட்டை வார்க்காமல் உலையில் பழுக்கவைத்து அடித்துச் செய்தார்கள். அதைத் தாங்க ஐந்து பேரிங். அக்காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் மூன்றுதான் இருக்கும். ஐந்து இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரு புறமும் தாங்கல் உண்டு. எவ்வளவு விரட்டினாலும் கிராங்க் வளையாது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வால்வுகள் என்னும் மூடிகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றுவது இரட்டை வரிசைச் சங்கிலி. காற்றும் பெட்ரோலும் ஒரு பக்கம் நுழைந்து, புகை மறுபக்கம் வெளியேறும். மொத்த எஞ்சினையும் வலப்பக்கமாக 30 டிகிரி சாய்த்து வைத்தார்கள், பானெட் தாழ்வாக இருப்பதற்காக. இந்த எஞ்சினோடு 1500 என்ற கார் 1961 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் நின்றது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தபோது 80 குதிரைத்திறன். குடும்பக் காருக்கு அன்றைக்கு அது தாராளம்.

நான் கேஸ்கெட் வாங்கிய பட்டறையில் ஒரு காட்சியைப் பார்த்தேன், அதைச் சொல்லாமல் போனால் இந்த எஞ்சினின் குணம் விளங்காது. ஒரு பச்சை நிற 2002 நின்றிருந்தது. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும். வழக்கமாகப் பல எஞ்சின்களில் ஒரு திருகும் அதன் மேல் ஒரு நட்டும் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் வைத்துச் சரிசெய்வார்கள். எம்10-இல் அப்படியில்லை. ராக்கர் ஆர்மின் நுனியில் மையம் விலகிய ஒரு சிறு வட்டு. அதன் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தப் பெரியவர், எழுபது வயது இருக்கும், சட்டைப் பையிலிருந்து நுனி வளைத்த ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்தார். துளையில் விட்டு வட்டை ஒரு முடி அளவு திருப்பினார். இடது கையில் ஃபீலர் கேஜ் தகட்டை வால்வுக்கு மேல் நுழைத்து இழுத்தார். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி ஓர் இழுவை. தலையசைத்தார். வட்டைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கினார். எட்டு வால்வுக்கும் இப்படி. பத்து நிமிடம்தான் ஆனது. நுனியில் கனம் குறைவதால் வால்வு வேகமாகத் திறந்து மூடமுடியும். அதற்காகத்தான் அந்த வட்டு. குடும்பக் காருக்குள் ஒரு பந்தயக்காரரின் கை இருந்தது என்றேனே, இதுதான் அது.

பிறகு மடிப்பைப் பிரித்துவிடுகிற வேலை தொடங்கியது. 1963-இல் 1800 வந்தது: போர் 84, ஸ்ட்ரோக் 80. அடுத்த ஆண்டு 1600: போர் 84, ஸ்ட்ரோக் பழைய 71. இரும்பு 16 மில்லிமீட்டருக்கு இறங்கியது. 1965-இல் இரண்டு லிட்டர்: போர் 89, ஸ்ட்ரோக் 80. இப்போது 11 மில்லிமீட்டர். ஃபால்கென்ஹவுசன் முதல் நாளில் கேட்டது நான்கே ஆண்டில் கைக்கு வந்துவிட்டது.

2002 என்ற கார் பிறந்தவிதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1966-இல் இரு கதவு வைத்த சின்னக் கார் ஒன்று 1600 எஞ்சினோடு வந்திருந்தது. ஃபால்கென்ஹவுசன் தன் சொந்த உபயோகத்துக்கு அதில் இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார். அதே நிறுவனத்தில் திட்டப் பிரிவில் இருந்த ஹெல்முட் வெர்னர் பென்ஷ் என்பவரும் அதையே செய்திருந்தார். இருவருக்கும் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு கார்களும் பட்டறையில் அருகருகே வந்து நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. இருவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள். அமெரிக்காவில் இந்தக் கார்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த மேக்ஸ் ஹாஃப்மனும் வேகமான ஒரு சிறிய காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரட்டைக் கார்புரேட்டர் வைத்த 1600 அமெரிக்கப் புகை விதிகளுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பெரிய எஞ்சினை அமைதியாக ஓடவிட்டால் அதே வேகம் கிடைக்கும், புகையும் அடங்கும். 1968-இல் 2002 வந்தது, 100 குதிரைத்திறன். 1971-இல் குகெல்ஃபிஷர் கம்பெனியின் இயந்திர முறை பெட்ரோல் பீச்சியோடு 130.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். பெரிய எஞ்சினை அந்தச் சின்ன உடலுக்குள் வைக்க எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருக்கவில்லை. வெளி அளவில் இரண்டு எஞ்சினும் ஏறத்தாழ ஒன்றே. வளர்ந்தது உள்ளேதான்.

பந்தயப் பக்கம் எல்லாம் வெற்றியாகவே இருந்தது என்று சொன்னால் பொய். லுட்விக் ஆப்ஃபெல்பெக் என்ற ஆஸ்திரிய நாட்டு மேதை ஒரு ஹெட் வடிவமைத்தார். சிலிண்டருக்கு நான்கு வால்வு, ஒவ்வொன்றும் ஒரு திசையில் சூரியக் கதிர் மாதிரி விரிந்து நிற்கும். நுழைவாயும் வெளிவாயும் குறுக்கு மறுக்காக. 1966-இல் ஹாக்கன்ஹைம் பந்தயத் தளத்தில் பிராபம் கார் ஒன்றில் அதைப் பொருத்தி வேகச் சாதனைகள் செய்தார்கள். ஓட்டியவர்களில் ஃபால்கென்ஹவுசனும் ஒருவர், அப்போது அவருக்கு 59 வயது. ஆனால் அந்த ஹெட் உயரமும் கனமும் கூடியது, குழாய்கள் பாம்புப் புற்று மாதிரி எல்லாப் பக்கமும் நீண்டன. அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பின்னர் நேரான, எளிமையான நான்கு வால்வு ஹெட்டோடு ஃபார்முலா 2-இல் இறங்கியபோது 1973, 74, 75 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு ஐரோப்பியப் பட்டத்தை வென்ற கார்களில் இந்த எஞ்சின்தான். ஓட்டியவர்கள் ஜாரியே, டெபையே, லாஃபிட் என்று மூன்று பிரெஞ்சுக்காரர்கள்.

அந்த ஹெட்டுகளின் பின்னணியில் இருந்தவர் பால் ரோஷே. 1957-இல் இளைஞராகச் சேர்ந்தவர். கேம்ஷாஃப்ட் கணக்கில் புலி. கூட வேலை செய்தவர்கள் 'கேம் பால்' என்ற பொருளில் ஜெர்மனில் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள்.

டர்போவும் இந்தப் பிளாக்கில்தான் பழகியது. டர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிப்பது. 1969-இல் டர்போ வைத்த 2002 ஒன்றில் டீட்டர் குவெஸ்டர் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை வென்றார். 1973-இல் அதைத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள்: 2002 டர்போ, 170 குதிரைத்திறன். முன்பக்கத் தடுப்பில் பெயரைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதினார்கள், முன்னால் போகிற காரோட்டி பின்காட்டியில் படித்துவிட்டு வழிவிட வேண்டுமாம். பெரும் கண்டனம் எழுந்தது. அதே இலையுதிர் காலத்தில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் வந்து, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 2002 டர்போ 1672 கார்களோடு நின்றுபோனது. பொதுமக்களின் கண்டனத்தில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்தக் காருக்காகப் படித்த பாடம் வீணாகவில்லை.

இனி ஃபார்முலா 1-க்கு வருகிறேன்.

அன்றைய விதிப்படி டர்போ இல்லாத எஞ்சின் மூன்று லிட்டர் இருக்கலாம், டர்போ இருந்தால் ஒன்றரை லிட்டர். ரெனோ 1977-இல் ஆறு சிலிண்டர் டர்போவோடு இறங்கியது. பிறகு ஃபெராரியும் ஆறு சிலிண்டர். எல்லாம் பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின்கள். ரோஷே எடுத்துக்கொண்டது எதை? தெருக்காரின் வார்ப்பிரும்புப் பிளாக்கை. போர் 89.2, ஸ்ட்ரோக் 60. கணக்குப் போட்டால் 1499 கன சென்டிமீட்டர். 1962-இல் குடும்பக் காரில் இருந்த அதே எண். அது 80 குதிரைத்திறன். இது தொடக்கத்திலேயே 550-ஐத் தாண்டியது.

பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்த முறைதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. புதிதாக வார்த்ததைவிட, ஒரு லட்சம் கிலோமீட்டர் போல ஓடித் தேய்ந்த கார்களின் பழைய பிளாக்குகளையே ரோஷே விரும்பினார். ஏன்? நான் இளம் வயதில் இரண்டு ஆண்டு ஒரு வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தேன். அச்சை உடைத்து எடுத்த பெரிய வார்ப்புகளை உடனே கடைசலுக்கு அனுப்ப மாட்டார்கள். முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். “தம்பி, இரும்பு வெளியே ஆறிடுச்சு, உள்ளே இன்னும் ஆறல. இப்பக் கடைஞ்சா நாளைக்கு முறுக்கிக்கும்” என்றார். வார்ப்பு ஆறும்போது மெல்லிய பகுதி முதலில் இறுகும், தடித்த பகுதி பிறகு இறுகும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறி அது தளர வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிளாக்கில் அது ஆயிரக்கணக்கான தடவை நடந்து முடிந்திருக்கும். யாரோ ஒரு பள்ளி ஆசிரியரோ, விற்பனைப் பிரதிநிதியோ காலையில் கிளப்பி மாலையில் நிறுத்திய கார், ஃபார்முலா 1-க்கு இரும்பைப் பக்குவப்படுத்திக் கொடுத்தது.

1982 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் இந்த எஞ்சின் முதல் பந்தயம் ஓடியது. பிராபம் அணி, ஓட்டுநர் நெல்சன் பிக்கே, அதற்கு முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன். எஞ்சின் அவரை அவமானப்படுத்தியது என்றே சொல்லலாம். ஜூன் முதல் வாரம் டெட்ராய்ட்டில் எஞ்சின் தொல்லையால் தகுதிச் சுற்றையே அவரால் தாண்ட முடியவில்லை. நடப்புச் சாம்பியன் பந்தயத்துக்குள்ளேயே வரவில்லை! ஒரு வாரம் கழித்து மான்ட்ரியலில் அதே பிக்கே, அதே வகை எஞ்சினோடு வென்றார். அந்த ஏழு நாள் இடைவெளியில் அந்த எஞ்சின்காரர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பொழுதில் அவர்களுக்குத் துணையாக வந்தது பாஷ் நிறுவனத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை எண்களாகக் கணக்கிட்டுச் சொல்வது. இயந்திரப் பீச்சியால் இந்த அழுத்தத்தில் கணக்குத் தப்பாமல் நிற்க முடியாது.

1983-இல் கார்டன் மர்ரி வரைந்த பிடி52 என்ற அம்பு வடிவக் காரில் பிக்கே பிரான்சின் அலான் ப்ரோஸ்டைத் துரத்தினார். கடைசிப் பந்தயம் மறுபடியும் கயலாமி, அக்டோபர் 15. ப்ரோஸ்டின் ரெனோ டர்போ கெட்டு நடுவில் நின்றது. பிக்கே மூன்றாவதாக வந்தார். 59-க்கு 57 என்று பட்டம் வென்றார். முதல் பந்தயத்திலிருந்து எண்ணினால் 630-ஆவது நாள். டர்போ எஞ்சினில் வென்ற முதல் உலகச் சாம்பியன். அதன் பிறகு இன்றுவரை நான்கு சிலிண்டர் எஞ்சின் எதுவும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை.

மொத்தம் ஒன்பது வெற்றி. 1984-இல் டெட்ராய்ட்டிலும் வென்றார்கள். கடைசியானது 1986-இல் மெக்சிகோ, கெர்ஹார்ட் பெர்கர் பெனட்டன் காரில். அந்த ஆண்டு தகுதிச் சுற்றில் மட்டும் ஓடுகிற எஞ்சின்களில் காற்றழுத்தத்தை ஐந்தரை மடங்கு வரை கூட்டினார்கள். சக்தியை அளக்கிற டைனமோமீட்டர் 1280 குதிரைத்திறனோடு நின்றுவிடும். அதற்கு மேல் அளக்க வழி இல்லை. 1400 இருந்திருக்கலாம் என்று ரோஷே சொன்னார். இரண்டொரு சுற்று ஓடிவிட்டு அந்த எஞ்சின்கள் முடிந்துபோகும். அந்த வெறியை நான் கொண்டாட வரவில்லை. ஆனால் வார்ப்பிரும்பில், 1961-இல் விட்டுவைத்த சுவர்களுக்குள், அந்த வெடிப்புகள் அடங்கின என்பதை ஒரு பொறியாளனாக என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு கிளைக்கதை பாக்கி இருக்கிறது, அதோடு முடித்துக்கொள்கிறேன்.

1968-இல் ஃபால்கென்ஹவுசனின் குழு பெரிய கார்களுக்காக ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று செய்தது. அதிலும் சிலிண்டர் இடைவெளி 100 மில்லிமீட்டர். அதன் வழியில் 1978-இல் எம்1 என்ற பந்தய வகைக் காருக்காக 24 வால்வு ஹெட் ஒன்று பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனத் தலைவர் எபர்ஹார்ட் ஃபொன் குவென்ஹைம், ரோஷேயிடம் ‘3 சீரிஸ்’ என்ற சிறிய காருக்கு ஒரு பந்தய எஞ்சின் கேட்டார். ரோஷே என்ன செய்தார் தெரியுமா? எம்1-இன் ஆறு சிலிண்டர் ஹெட்டை எடுத்தார். இரண்டு சிலிண்டர் அளவுக்கு வெட்டி எறிந்தார். வெட்டின வாயை ஒரு தகடு வைத்து அடைத்தார். மீதியை எம்10 வழியில் வந்த நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் வைத்தார். பொருந்தியது. இரண்டு வாரத்தில் எஞ்சின் ஓடியது. ஏன் பொருந்தியது? இரண்டுக்கும் நடுத்தூரம் அதே 100. போரும் ஸ்ட்ரோக்கும்கூட எம்1-இலிருந்தே எடுத்தவை: 93.4, 84. ஆறு சிலிண்டரில் 3453 கன சென்டிமீட்டர், நான்கில் 2302. அச்சு அசலாக மூன்றில் இரண்டு பங்கு.

அதுதான் 1986-இல் வந்த முதல் எம்3 காரின் எஸ்14 எஞ்சின். 200 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே ரொபெர்ட்டோ ரவாலியா அதில் உலக டூரிங் கார் பட்டம் வென்றார். கோர்சிகாவின் மலைப்பாதைப் பந்தயத்தில் பெர்னார் பெகான் வென்றார். சிலிண்டர்களுக்கு நடுவே இப்போது இரும்பு 6.6 மில்லிமீட்டர். இந்த அளவில் நடுவே தண்ணீர் ஓட இடம் கிடையாது. சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். 1990-இல் கடைசி வடிவமான ஸ்போர்ட் எவல்யூஷனில் போர் 95, ஸ்ட்ரோக் 87, கொள்ளளவு 2467, 238 குதிரைத்திறன். அறுநூறு கார்களே செய்தார்கள். நடுவே மிஞ்சியது 5 மில்லிமீட்டர்.

அதற்குள் சாதாரணக் கார்களில் எம்10-இன் இடத்தை, சங்கிலிக்குப் பதில் பல் பெல்ட் வைத்த எம்40 எடுத்துக்கொண்டிருந்தது. ஃபால்கென்ஹவுசன் 1989-இல் காலமானார், ரோஷே 2016-இல்.

கேஸ்கெட்டை முதல் வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறேன். விளிம்பு கூராக இருக்கிறது, கவனமாகப் பிடியுங்கள். இரண்டாவது, மூன்றாவது துளைகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கொஞ்சம் நிறம் மாறி, கரிந்து இருக்கும். இரண்டு பக்கத்து நெருப்பும் எத்தனையோ ஆண்டுகள் வந்து மோதிய இடம் அது. கரிந்திருக்கிறது, விட்டுக்கொடுக்கவில்லை.